முருகன் கைரேகை எடுப்பதில்லை

ஒக்டோபர் 15, புதன்

இல்லை, நீயே சொல்லு முருகா, இது உன்ர வேலை இல்லாமல் வேறு ஆரின்ர வேலை? இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைக்கு ஒரு திகதி வராமல் இருந்தது. கடைசியில் இன்றைக்கு வந்தது. வந்தது எந்த நாள்? இருபத்தேழாம் திகதி, திங்கட்கிழமை. நான் அப்போது கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். மயூரா போனில் திகதியைச் சொல்ல, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். சூரன் போர்! கந்தசஷ்டியின் ஆறாம் நாள்! "ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் வெங்காய மூட்டையைக் கைவிட்டுவிட்டார்.

மயூரா கிளிநொச்சிப் பிள்ளை. முப்பத்தொரு வயது. என்னை அகதியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டு இரண்டு வருடமாக இங்கே லண்டனில் அரசாங்கம் கொண்டுபோய் விட்ட ஒரு ஹொட்டலில் இருக்கிறாள். ஹொட்டல் என்றதும் நீச்சல் குளமும் மெத்தையும் என்று நினைக்கிற ஆட்கள் எங்கள் கோயிலிலேயே இருக்கிறார்கள். ஒரு அறை, இரண்டு கட்டில், மற்றக் கட்டிலில் பாஷை விளங்காத ஒரு பெண். வேலைக்குப் போகக் கூடாது. சமைக்கக் கூடாது. அறைக்கு ஆட்கள் வரக் கூடாது. போக ஒரு கையெழுத்து, வர ஒரு கையெழுத்து. போன வருடம் கோயில் அன்னதானத்தில் இரண்டு சுவெட்டரை ஒன்றுக்கு மேல் ஒன்று போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சாம்பார் சோறு சாப்பிட்ட பிள்ளை அவள். அன்றைக்குப் பிடித்தேன், இன்னும் விடவில்லை.

இருபத்தேழாம் திகதி இன்ரவியூ. தனக்கு என்ன நடந்தது என்று அவள் சொல்ல வேண்டும். நம்பினார்கள் என்றால் இருக்கலாம். நம்பாவிட்டால் — அதை நான் எழுத மாட்டேன்.

கத்தரிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றபடியே நேர்த்தி வைத்தேன். இந்தக் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மயூரா தண்ணீர் மட்டும் குடித்து விரதம் பிடிப்பாள், நீ அவளுக்கு விசாவைக் கொடு.

வீட்டில் அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டனீரோ?" என்றார்.

"முருகனிட்டைக் கேட்டாச்சு."

"முருகனே பட்டினி கிடக்கப் போறார்?"

முப்பது வருடம் இந்த மனிசனோடு. நீ சாட்சி.

ஒக்டோபர் 17, வெள்ளி

மயூராவிடம் சொன்னேன். எங்கள் வரவேற்பறை ஹொட்டலுக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடம்தான், உள்ளே போனால் காவலாளி வெளியே போ என்று கையைக் காட்டிவிடுவான். பலகை வாங்கில் இரண்டு பேரும் இருக்க, பஸ்காரர்கள் நிற்பாட்டி நிற்பாட்டி, நாங்கள் ஏறாததைக் கண்டு ஏசிவிட்டுப் போனார்கள்.

நான் நேர்த்தி வைத்த கதையைக் கேட்டு அவள் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "என்னைக் கேக்காமல் என்ர வயித்தை அடகு வைச்சிட்டியளே அன்ரி?" என்றாள்.

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் சிரித்தால் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் குழி விழும்.

"பிடிக்கிறன் அன்ரி. முழுசாப் பிடிக்கிறன். இஞ்சத்தைச் சோறு சதுரமா இருக்கும், தெரியுமே? பெட்டியைக் கவிட்டால் அப்பிடியே கல்லு மாதிரி வந்து நிக்கும். ஆறு நாள் அதின்ர முகத்தில முழிக்காமல் இருக்கிறதே எனக்குப் பெரிய விசா."

"பகிடி விடாதை. முருகன் கேட்டுக்கொண்டிருப்பார்."

"அம்மாவும் பிடிச்சவ. அண்ணாவுக்காண்டி. சாகிற வருசம் வரைக்கும்."

அண்ணன் காணாமல் போனவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாய் ஓயாமல் கதைக்கிற எனக்கு, அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு ஐந்து றாத்தல் சுட்டேன். நாலு றாத்தலை அவர் சாப்பிட்டுவிட்டு மற்றது எங்கே என்று கேட்கிறார்.

ஒக்டோபர் 22, புதன்

காப்புக் கட்டியாயிற்று. குருக்கள் மயூராவின் இடக்கையில் மஞ்சள் நூலைக் கட்டும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சின்னப் பிள்ளை ஊசி போடும்போது மூடுகிற மாதிரி.

நானும் கட்டிக்கொண்டேன். என்னுடையது வழமையான பால் பழ விரதம். பால் எது, பழம் எது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெரிய மனது. பேரீச்சம்பழம் பழம்தான். கஜு, அதுதான் முந்திரி, அதுவும் மரத்தில்தான் காய்க்கிறது. பால் பாயாசத்தில் என்ன இருக்கிறது? பால். இதற்கு மேல் என்னைக் கேட்கக் கூடாது.

ஒக்டோபர் 24, வெள்ளி

கடவுளே, கடவுளே, கடவுளே.

பின்னேரம் மயூரா போன் எடுத்தாள். "அன்ரி, ஒருக்கா வாங்கோ. நான் உண்ணாவிரதப் போராட்டம் செய்யிறன் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கினம்."

அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். (பொங்கி, வடிந்து, காய்ந்து, இப்போது சுரண்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.)

நடந்தது இதுதான். அங்கே யார் சாப்பாடு எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று பார்ப்பார்களாம். மூன்று நாளாக மயூராவின் பெட்டி திறக்கவே இல்லை. கையில் ஒரு மஞ்சள் நூல். திங்கட்கிழமை இன்ரவியூ. மூன்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். சரியான கூட்டல்தான், விடை மட்டும் பிழை.

கிளோடெட் என்று ஒரு ஜமேக்காக்காரி, அங்கே ஆட்களின் நலனைப் பார்க்கிறவ. நல்ல மனிசி. என்னை முதல் தடவையாகப் படியைத் தாண்டி உள்ளே கூப்பிட்டா. பக்கத்தில் ஒரு நேர்ஸ். நான் என்னுடைய இங்கிலீஷை எல்லாம் திரட்டிக்கொண்டு தொடங்கினேன். இந்தப் பிள்ளைக்கு அரசாங்கத்தோடு ஒரு கோபமும் இல்லை, இது அரசாங்கத்துக்கு எதிரான பட்டினி இல்லை, அரசாங்கத்துக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்ற பட்டினி. முருகன் என்று ஒருவர், ஆறு முகம், மயில், சூரன் என்று ஒரு அசுரன், அவன் கடைசியில் மாமரமாக மாறி — கிளோடெட் கையைத் தூக்கினா.

"உங்கள் கடவுள் எப்போது சாப்பிட விடுவார்?"

"செவ்வாய் காலமை."

நேர்ஸும் கிளோடெட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நேர்ஸ் மெதுவாகச் சொன்னா. இன்ரவியூ நாலு மணித்தியாலம், ஐந்து மணித்தியாலம் போகும். ஐந்து நாள் சாப்பிடாத ஆளை அதில் இருத்தித் துருவித் துருவிக் கேள்வி கேட்க முடியாது. திங்கள் காலை ஏழு மணிக்கு வந்து பார்ப்பாவாம். பிள்ளை இப்படியே இருந்தால் உடல்நிலை சரியில்லை என்று எழுதத்தான் வேண்டும். எழுதினால் திகதி போய்விடும். அடுத்தது எப்போது? அதை யாராலும் சொல்ல ஏலாது.

இரண்டு வருடம் காத்திருந்த திகதி. அது கிடைக்க வேண்டும் என்று வைத்த நேர்த்தியாலேயே அது போகப் போகுது. ஆர் வைச்ச நேர்த்தி? நான் வைச்சது. கத்தரிக்காய்க்கு முன்னால நிண்டு. என்ர வாயைத் தைக்க வேணும் முருகா. சாக்கு ஊசியால தைக்க வேணும்.

பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கெஞ்சினேன். "ஒரு வாழைப்பழம். பாதி வாழைப்பழம்."

"ஏலாது அன்ரி."

"இன்ரவியூ போயிடும் பிள்ளை!"

"நேர்த்தியை முறிச்சு, பிறகு அண்ணாவுக்கு ஏதும் ஆயிட்டுதெண்டால்?"

பதினாறு வருடம் முதல் காணாமல் போன மனிசனுக்கு இனி என்ன ஆகக் கிடக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை. அவளைப் பார்த்தேன், அவளுக்கு அவர் எங்கேயோ இருக்கிறார். எங்கேயோ இருந்து இந்த வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒக்டோபர் 25, சனி

சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் பயமாக இருக்கிறது.

மயூராவுடைய அறைக்காரப் பெண் திறக்காத சாப்பாட்டுப் பெட்டியைப் படம் எடுத்து இன்ரநெற்றில் எங்கேயோ போட்டுவிட்டாள். காலையில் ஹொட்டல் வாசலில் ஒரு கூட்டம்! வெள்ளைக்காரர், கறுப்பர், ஒரு பாதிரியார், சைக்கிளோடு இரண்டு பேர். எல்லோருடைய கையிலும் சுலோகம் எழுதிய பலகை. எல்லோருடைய இடக்கையிலும் — முருகா, இதைக் கேள் — மஞ்சள் நூல்! கம்பளி நூல்! மயூராவுக்கு ஆதரவாம். இந்த லண்டனில் இத்தனை பேர் உனக்குக் காப்புக் கட்டி நான் பார்த்ததில்லை.

வீதிக்கு அந்தப் பக்கம் கொடிக்காரர் மூன்று பேர். கோடையில் கூட்டமாக வந்து, இங்கே இருக்கிறவர்களை வெளியே போ என்று கத்தினார்களே, அவர்கள்தான். அந்த நாட்களில் மயூரா யன்னல் சீலையைத் திறக்கவே மாட்டாள்.

சாம்பல் தலைமயிர் அம்மா ஒருத்தி, நான் பிள்ளையின் அன்ரி என்று கேள்விப்பட்டதும் ஒலிபெருக்கியை என் கையில் தந்துவிட்டா. தரலாமா? என் கையில்? ஊர்க் கோயிலில் 'செருப்பைத் தவறவிட்டவர் வந்து எடுக்கவும்' என்று சொல்லக்கூட எனக்கு மைக் தந்ததில்லை.

நான் சொன்னேன். "இது போராட்டம் இல்லை. இது விரதம். கடவுளோடு ஒரு ஒப்பந்தம். இந்தப் பிள்ளை திங்கட்கிழமை தன் கதையைச் சொல்லப் போறா. நானும் முப்பத்துநாலு வருசத்துக்கு முதல் அகதியா வந்து இதே மாதிரிக் கதை சொன்னனான், ஒருத்தர் கேட்டு எழுதினவர், அதாலதான் இண்டைக்கு உங்களுக்கு முன்னால நிண்டு உயிரை வாங்கிறன்." கை தட்டினார்கள். அதற்கு மேல் சூரன் கதையையும் சொன்னேன். பாதிரியார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

சாம்பல் தலை அம்மா, "நாங்களும் பிடிக்கலாமா?" என்று கேட்டா.

"தாராளமாகப் பிடியுங்கோ. ஆனால் முட்டையும் கூடாது."

யோசிக்கிறதாகச் சொன்னா.

கொடிக்காரரில் ஒருவன், வயதான ஆள், வீதியைக் கடந்து வந்து என்ன நடக்குது என்று கேட்டான். சொன்னேன். தன் தாய் ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் சொக்கிலேற் தொட மாட்டா என்றான். பிறகு, என்னோடு கதைத்ததை மற்ற இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள் என்று வெட்கப்பட்டுத் திரும்பிப் போனான்.

எல்லாம் சரி. மயூரா இன்றைக்கும் சாப்பிடவில்லை. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

இன்றைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டார்கள். விரத நாளில் பார்த்து ஒரு மணித்தியாலத்தைக் கூட்டுகிற தேசம் இது.

மயூராவைக் கையெழுத்துப் போட வைத்து, நேரே கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். குருக்களிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தேங்காய்ப் பாதிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். இந்த மனிசன் ஒரு காலமும் நிமிர்ந்து பார்த்துக் கதைத்ததில்லை.

"நேர்த்தி வைச்சது ஆர்?"

"நான்தான் ஐயா."

"பட்டினி கிடக்கிறது ஆர்?"

"இவள்."

"அது எந்த ஊர் நியாயம்?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"ஐயா, காப்பு என்ர கையிலயெல்லோ கட்டினது," என்றாள் மயூரா.

"கட்டினது கிடக்கட்டும். வைச்ச ஆள் பிடிச்சு முடிக்கட்டும். முருகன் என்ன கைரேகையே எடுக்கிறார், ஆள் மாறினால் தெரிஞ்சு போக?"

மயூரா சிரிக்கவில்லை. "அண்ணாவுக்கு ஒண்டும் வராதே ஐயா?"

குருக்கள் அப்போதுதான் நிமிர்ந்தார். "பிள்ளை, நீ நாளைக்கு அங்கை போய் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேணும். அதுக்குத் தெம்பு வேணும். போய்ச் சாப்பிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் நாளைக்குச் சூரன் போர் முடியுமட்டும் தண்ணி மட்டும். பாலும் இல்லை, பழமும் இல்லை. உம்மட பால் பழத்தைப் பற்றி உம்மட மனிசன் எனக்குச் சொன்னவர்."

காட்டிக் கொடுத்த மனிசன்! அவர் கோயில் வாசலில் நின்று தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோர்பரிக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து முதலில் கஞ்சி. மெல்ல மெல்லக் குடி என்றேன். பின்னேரம் இடியப்பமும் சொதியும். நான் எதிரே தண்ணீர்க் கிளாசோடு. அவள் ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். அன்னதானத்தில் கண்ட அதே மூடல்தான். பிறகு தானாகவே சொன்னாள்.

"அண்ணாவுக்குச் சொதிக்கு மாங்காய் போட வேணும். போடாட்டில் அம்மாவோட சண்டை."

பழகின இத்தனை நாளில், அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று அவள் என்னிடம் சொன்ன முதல் வசனம். என்ர மனிசன் எழும்பிப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். தடிமன் காய்ச்சலாம்.

ஒக்டோபர் 27, திங்கள். சூரன் போர்

எங்கே தொடங்க!

ஏழு மணிக்கு நேர்ஸ் வந்து பார்த்து, பிள்ளை போகலாம் என்று எழுதிவிட்டா. கிளோடெட் வாசலில் நின்று இரண்டு பெருவிரலையும் தூக்கிக் காட்டினா. குரோய்டனுக்கு பஸ். அதே உயரக் கட்டிடம். நான் வந்த வருடம் இதே மதிலோரம் வரிசையில் நின்றேன், யாரோ தந்த ஆம்பிளைக் கோட்டோடு. எனக்கு என்னவோ அந்தக் கட்டிடம் கொஞ்சம் கட்டையாகிவிட்ட மாதிரி இருந்தது.

வாசலில் மயூரா என் கையை விடவில்லை. "நம்பாட்டில் அன்ரி?"

"நடந்ததைச் சொல்லு. மிச்சத்தை வயிறு காஞ்சு நான் பாக்கிறன்."

அவள் உள்ளே போனாள். என்னை விடவில்லை. வீதியோரம் ஒரு வாங்கு. காத்து எலும்புக்குள்ளே போகிறது. வயிறு ஒரு பக்கம் மேளம் அடிக்கிறது. பதினொரு மணிக்கு எதிர்க் கடையில் பொரிக்கிற வாசம் வந்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லும்போது பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து இருந்தாள். எரித்திரியாவாம். செனாயித் என்று பெயர். வெள்ளைச் சால்வை, வடிவான பெரிய கண். அவளுடைய தம்பி உள்ளே.

நான் எத்தனை வருடம் என்று விரலைக் காட்டிக் கேட்டேன். மூன்று விரல் காட்டினாள். படகிலா? தலையை ஆட்டினாள். ஒரு விரலைக் காட்டி, பிறகு அந்த விரலை மடக்கினாள். இன்னொரு தம்பி இருந்தவனாம். கடலுக்குப் போய்விட்டான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கதை, கதை, என்ன பாஷையில் கதைத்தோம் என்று கேட்காதே. அவள் பையிலிருந்து சீலையில் சுற்றிய வட்டப் பாண் ரொட்டி ஒன்றை எடுத்தாள். தம்பி நல்லபடி வந்தால் வெட்ட வேண்டும் என்று சுட்டதாம். தாங்கவில்லை, இப்போதே பிய்த்துவிட்டாள். மேலே கோலம் மாதிரிக் கீறியிருந்தாள், ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்குது. சீனி கொஞ்சம் கூட என்று சொன்னேன், அது அவளுக்கு விளங்கவில்லை, இன்னொரு துண்டு பிய்த்துத் தந்தாள். எப்படிச் செய்கிறது என்று கேட்டேன். போன் நம்பர் வாங்கினேன். நான் கேட்டால் ஆர் தர மாட்டார்கள்?

மூன்று மணிக்குப் பிறகுதான் மயூரா வந்தாள். முகத்தில் நிறமே இல்லை. வந்து வாங்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள்.

"அண்ணாவைக் கொண்டுபோன அண்டைக்கு அவர் என்ன நிறத்தில சேட்டுப் போட்டிருந்தவர் எண்டு கேட்டவை. அவரைத் தேடித் தேடித் திரிஞ்சதுக்கு என்னை எங்கை கொண்டுபோய் வைச்சிருந்தவங்கள், கதவு எந்தப் பக்கம், ஆர் ஆர் நிண்டது. எல்லாத்தையும் கேட்டவை அன்ரி."

"சொன்னியோ?"

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அம்மாவுக்குச் சொல்லாததையும்." பிறகு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, "பசிக்குது," என்றாள்.

அவளைத் தெரிந்த நாளில் இருந்து அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. செனாயித் மிச்சப் பாணை அப்படியே அவள் மடியில் வைத்தாள்.

பின்னேரம் கோயிலில் சூரன் போர். சூரனின் தலை விழும்போது நான் போட்ட அரோகராவில் பக்கத்தில் நின்ற வசந்தமலர் காதைப் பொத்தினா. முடித்துவிட்டேன் முருகா! தண்ணீர் மட்டும்! இந்த நகுலேஸ்வரியா கொக்கா?

ஒக்டோபர் 28, செவ்வாய்

விரதம் முடித்து விடியப் பாறணை. ஒன்பது கறி, பருப்பு, பாயாசம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். இப்போதுதான் எழும்பினேன். இருட்டிவிட்டது.

நவம்பர் 19, புதன்

ஒன்றும் வரவில்லை. மயூரா தினமும் போன் எடுக்கிறாள். அவளும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. மழையைப் பற்றிக் கதைக்கிறோம்.

டிசெம்பர் 12, வெள்ளி

இன்றைக்கும் இல்லை. செனாயித்தின் தம்பிக்கும் இல்லை. அவள் குரல் தகவல் அனுப்புகிறாள், நான் தமிழில் பதில் அனுப்புகிறேன். இரண்டு பேருக்கும் நல்ல திருப்தி.

கோயிலில் வசந்தமலர், "இந்தமுறை நீங்கள் தண்ணியோடை மட்டும் பிடிச்சதாமே?" என்று இழுத்தா. ஓம் என்றேன். சும்மா ஓம் இல்லை. முழு விபரமாகச் சொன்னேன், பொரியல் வாசம், காற்று, கவசம் எல்லாம். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தி என் காலைத் தொட வந்தா, நான் பெரிய மனதோடு தடுத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

கிடைச்சிட்டுது! கிடைச்சிட்டுது! கிடைச்சிட்டுது!

மயூராவின் வழக்கைப் பார்க்கிற லோயர் அவளுக்குப் போன் எடுத்தார், மயூரா எனக்கு எடுத்தாள், அழுகையில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு, "நம்பிட்டினம் அன்ரி, நான் சொன்னதை நம்பிட்டினம்," என்றாள். விசா கிடைத்தது என்றுகூட அவள் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னாள்.

நான் குசினியில் ஆடினேன். ஓம், ஆடினேன், ஐம்பத்தேழு வயதில், அகப்பையோடு. பருப்பு அடிப்பிடித்தது. விசாவுக்குக் கார்ட் ஒன்றும் இல்லையாம், எல்லாம் போனுக்குள்ளேயாம். அந்தப் போனுக்குத் திருநீறு பூச வேண்டும்.

பிறகுதான் மற்றக் கதை. இருக்கலாம் என்று சொன்ன கையோடு, ஒரு மாதத்துக்குள் ஹொட்டலை விட்டு எழும்பவும் வேண்டுமாம். வேலை தேடி, வீடு தேடி, எல்லாம் அதற்குள். இரண்டு வருடம் வேலை செய்யாதே என்று வைத்திருந்த பிள்ளைக்கு எந்த வீட்டுக்காரன் வீடு கொடுப்பான்? நான் புலம்பிக்கொண்டு நிற்க, மேலே தடாம் தடாம் என்று சத்தம். போய்ப் பார்த்தால், கலியாணம் முடித்துப் போன மகனின் அறையில் இருந்த உடற்பயிற்சி சைக்கிளை அவர் படியால் இறக்கிக்கொண்டிருக்கிறார்.

"உந்தச் சைக்கிளை எங்கை கொண்டு போறியள்?"

"விக்கப் போறன். நாலு வருசமா அதில ஏறினது நீர் காயப்போட்ட உடுப்பு மட்டும்தான். அந்தப் பிள்ளைக்குக் கட்டில் போட இடம் வேண்டாமே?"

முப்பது வருடம் இந்த மனிசனோடு. நீ சாட்சி.

பெப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

மயூரா வந்துவிட்டாள். ஒரு சூட்கேஸ், இரண்டு சுவெட்டர். அவர் அவளுக்கென்று வாசல் கதவுக்குத் திறப்புச் சாவி ஒன்று வெட்டுவித்து வைத்திருந்தார். அவள் கதவைப் பூட்டினாள், திறந்தாள், திரும்பப் பூட்டினாள். ஹொட்டலில் பிளாஸ்ரிக் அட்டைதானாம், அதுவும் நினைத்த நேரம் வேலை செய்யாதாம். குளிர் உள்ளே வருது என்று நான் சொல்லவில்லை. விளையாடட்டும்.

பெப்ரவரி 7, சனி

இந்தப் பிள்ளை குசினியை விட்டுத் தர மாட்டேன் என்கிறாள். இரண்டு வருடம் ஒரு வெங்காயம் உரிக்க விடாமல் வைத்திருந்தவளுக்கு இப்போது கை நிற்கவில்லை. நேற்று ஆறு கறி. இன்றைக்குச் சொதி, மாங்காய் போட்டு. ஒரு கோப்பையில் கொஞ்சம் எடுத்து மூடித் தனியாக வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இவர் வந்து திறந்து பார்க்கப் போனார், கையில் ஒரு அடி போட்டேன். திங்கள் முதல் தோர்ன்டன் ஹீத்தில் உடுப்புத் திருத்துகிற கடையில் அவளுக்கு வேலை. எனக்கு அவளோடு இருக்கிற ஒரே சண்டை, அடுப்புக்கு முன்னால் எனக்கு இடம் இல்லை என்பதுதான்.

மத்தியானம் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அடுப்பைப் பிடித்தேன். நாளைக்குச் செனாயித் தன் தம்பியோடு வருகிறாள். அவனுக்கும் போன கிழமை கிடைத்துவிட்டது! அவள் முறையைச் சொல்லி அனுப்பியபடி அந்த வட்டப் பாணை நானே சுட்டேன். மேலே கோலம் கீறினேன், அவளுடையதைவிட என்னுடையது வடிவு. வீடு முழுக்க ஏலக்காய். அவருக்கும் மயூராவுக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்து நானும் ஒரு துண்டு வாயில் வைத்தேன். அச்சாவாக வந்திருக்கிறது. சீனிதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஆனால் சரியான ருசிதான், அன்றைக்கு அந்த வாங்கில் இருந்து சாப்பிட்டபோதும் இப்படித்தான், சீனி கொஞ்சம் —

முருகா.

அன்றைக்குச் சூரன் போர். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.